கல் விலை இறங்கும் மாதம்

நோர்டன், 18 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

புது மேடைக்கு அளவு எழுதி நீ அனுப்பிய துண்டுச் சீட்டில் முதலில் என் கண்ணில் பட்டது எழுபத்தாறு என்ற எண். நீளம் 190, அகலம் 62, தரையிலிருந்து உயரம் 76. முதல் இரண்டும் சரி. உயரத்தில் மட்டும் கை தவறிவிட்டதோ என்று நினைத்தேன். இப்போது உன் சமையல் மேடை தொண்ணூற்றைந்து. போன கோடையில் அதில் வெங்காயம் நறுக்க நான் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றேன், நீ சிரித்தாய். எழுபத்தாறு என்றால் நானே குனிய வேண்டியிருக்கும். நீயோ வாசல் நிலையில் தலை இடிக்கிற ஆள். எண்பத்தாறைத்தான் அப்படி எழுதிவிட்டாயா?

இங்கே அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு முதுகு வலி பரவாயில்லை, ஆனால் மழை வந்தால் கப்பல் இயந்திர அறையில் கழித்த முப்பது வருடத்தையும் திட்டுகிறார். நீ, அத்தான், குதிரைகள் எல்லோரும் எப்படி? ஆகஸ்டில் படியில் இடித்துக்கொண்ட முழங்கால் ஆறியதா?

நீ கேட்ட மாதிரிக் கல் நான் வேலை செய்யும் ஐலர்ஸின் சமையலறைச் சாமான் கடையில் இருக்கிறது. ஜன்னல் ஓரமாக வைத்திருக்கும் காட்சிச் சமையலறையின் மேடை அது. கருஞ்சாம்பல் நிறம், உள்ளே வெள்ளி மணல் சிதறியது போல இருக்கும். காலையில் கடை திறக்குமுன் அதைத் துடைப்பது நான்தான். விலைச் சீட்டில் 1,480 யூரோ போட்டிருக்கிறது. விற்பனைக்கு நிற்கும் ஹைகே சொல்கிறாள், இப்போது வாங்குகிறவர்கள் ஏமாளிகளாம். புத்தாண்டு முடிந்ததும் புது மாதிரிகள் வந்து இறங்கும், பழையதை வைக்க இடமிருக்காது, அப்போது முதலாளி ஐலர்ஸ் வந்த விலைக்குத் தள்ளிவிடுவாராம். ஆனால் இருப்பது ஒரே கல். வேறு யாராவது முந்திக்கொண்டால் போயிற்று.

போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. உங்கள் கூடத்தில் விருந்தினர் யாராவது சிரிப்பது கேட்டாலே எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

ஈஸ்டருக்கு இன்னும் இருபத்தொன்பது வாரம். பதினெட்டு வயது முடிந்ததும் வந்துவிடு, மாடி அறையும் உனக்கு, விடுதியில் வேலையும் உனக்கு என்று நீ சொன்னதை நம்பித்தான் இந்தக் கடையில் வாளியைத் தூக்குகிறேன். பழையபடி உன்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
இன்சா


யூஸ்ட் தீவு, 27 செப்டம்பர் 2006

என் இன்சாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வந்தது. அப்பாவின் முதுகுக்குக் குதிரைத் தைலம் அனுப்புகிறேன். குதிரைக்குத்தான், ஆனால் உன் அத்தான் ஃபோல்கர்ட்டும் அதைத்தான் பூசிக்கொள்கிறார். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். லோட்டேயின் இடது குளம்பு தேறிவிட்டது. அவருக்குக் கடைவாய்ப் பல் குடைகிறது, நாள் முழுக்கக் குதிரை வண்டியில் உட்கார்ந்து முனகுகிறார். கடற்கரைக் கூடை நாற்காலிகளை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டார்கள்.

உயரம் எழுபத்தாறுதான். மாவு பிசைய. பிசையும் மேடை தாழ்வாக இருந்தால்தான் தோள் வலிக்காது. கீழே அலமாரி எதுவும் வேண்டாம், காலியாக இருக்கட்டும். மாவுத் தொட்டிகளைச் சக்கரம் வைத்து உள்ளே தள்ளிக்கொள்வேன்.

ஹைகே சொன்னது சரி, காத்திருப்போம். ஒவ்வொரு வாரமும் சீட்டில் என்ன விலை என்று எழுதி வை. ஆனால் ஒன்று: விலை எவ்வளவு இறங்கினாலும் நான் எழுதாமல் வாங்கிவிடாதே. முன்பணமும் கொடுக்காதே. பெயரும் சொல்லாதே.

அறைகளை இப்போது இம்கே பார்த்துக்கொள்கிறாள். ஆகஸ்டில் பார்த்திருப்பாய். உன் அத்தானின் நெஞ்சு வரைகூட வரமாட்டாள், வேலையில் இரண்டு ஆள். ஐந்து அறையையும் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. 

உன் அக்கா
கேஷே


நோர்டன், 16 அக்டோபர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. வீடு முழுக்க லாயம் மாதிரி மணக்கிறது. அப்பா சந்தோஷமாக இருக்கிறார். உனக்கு உடம்பு எப்படி என்று நீ எழுதவில்லை. குளம்பும் பல்லும்தான் எழுதியிருந்தாய்.

கல்லைப் பற்றி ஒரு விசித்திரம். இரண்டாம் தேதி வரை 1,480 இருந்தது. ஒன்பதாம் தேதி காலையில் பார்த்தால் 1,980. கல் அதேதான், ஓரத்தில் இருக்கும் மயிரிழைக் கீறல்கூட அதேதான். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஐலர்ஸ் பின்னால் வந்துவிட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ, துடைக்கச் சொன்னா கல்லுகிட்ட ஜோசியம் கேட்டுக்கிட்டு நிக்குது" என்றார்.

எனக்குக் காது சுட்டது. பிறகு ஹைகேதான் விளக்கினாள். நவம்பரில் 'பாதி விலை வாரங்கள்' வருகின்றனவாம். பாதியாக்க வேண்டுமென்றால் முதலில் முழுசை ஊதிப் பெரிதாக்க வேண்டும் அல்லவா? அதிலிருந்து கடையில் எந்தச் சீட்டையும் என்னால் நம்ப முடியவில்லை. விலை குறைந்தது என்று ஒருவர் சொன்னால், எதிலிருந்து குறைந்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். நீ எப்போது மாவு பிசைந்தாய்? விருந்தினர்களுக்கு ரொட்டி பேக்கரியிலிருந்துதான் வருகிறது, அத்தான் வண்டியில் காலை ஆறரைக்கு. நான் மூன்று கோடை அங்கே இருந்திருக்கிறேன், வீட்டில் மாவுத் தொட்டி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஈஸ்டரைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
இன்சா


நோர்டன், 13 நவம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கப்பல் தினமும் ஓடுகிறது, துறைமுகத்தில் கேட்டேன். நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் நலம்.

இன்று சீட்டில் 1,980-ஐச் சிவப்பில் அடித்து 990 என்று எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் இன்னும் இறங்கும்.

இதற்காக நான் எழுதவில்லை. வியாழக்கிழமை காலை அத்தான் கடைக்கு வந்திருந்தார்.

நான் நடு மேடைக்குப் பின்னால் மண்டியிட்டு அடிப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய குரல் கேட்டது. எழுந்து நின்றிருக்கலாம், 'அத்தான்' என்று கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பிறகு அவர் பேசியதைக் கேட்டதும் எழ மனமும் வரவில்லை. ஐலர்ஸிடம் அவர் மேடையின் ஓரத்தை மழுக்கித் தருவார்களா, இடித்தால் வலிக்கக் கூடாது என்று கேட்டார். மேல் அலமாரிகள் எல்லாம் வீண், கை எட்டாது என்றார். யார் கைக்கு என்று ஐலர்ஸ் கேட்டார். அத்தான் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் நெஞ்சுக்குக் கீழே பிடித்துக் காட்டினார்.

"இவ்ளோ உசரம்தான்னு வெச்சுக்கங்க" என்றார். "அதுக்குத் தகுந்தாப்ல எல்லாம் கீழ வரணும். ஆனா இப்ப வேணாம். சத்தமில்லாம விசாரிச்சுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பிறகு போய்விட்டார். எங்கள் வீடு அங்கிருந்து ஏழு நிமிட நடை. அப்பாவைப் பார்க்க வரவில்லை. ஒரு கோப்பைத் தேநீர்கூட இல்லை. அத்தான் இதுவரை அப்படிப் போனதே இல்லை.

அவருடைய நெஞ்சு வரைகூட வராதவள் யார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த மேடை இம்கேவுக்கா? அவள் நிரந்தரமாக இருக்கப் போகிறாளா? அப்படியென்றால் மாடி அறையில் இப்போது யார் தூங்குகிறார்கள்?

இன்சா


யூஸ்ட், 21 நவம்பர் 2006

அன்புள்ள மைத்துனிக்கு,

அக்காவுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், அவள் கையெல்லாம் வெள்ளை. பேனாவைப் பிடித்தால் பேனாவும் வெள்ளை. நாங்கள் சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன்.

நான் கடைக்கு வந்தது நிஜம். பல் வைத்தியரிடம் வந்தேன், பல்லைப் பிடுங்கினார், வாயில் பஞ்சோடு அப்பாவின் முன் உட்கார்ந்தால் மூன்று கோப்பைத் தேநீர் குடிக்காமல் எழுந்திருக்க முடியுமா, நீயே சொல். அதனால்தான் வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லதாக நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

இம்கே அவளுடைய அம்மா வீட்டில்தான் தூங்குகிறாள். மாடி அறையில் பெயின்ட் டப்பா தூங்குகிறது.

கல்லை வாங்க வேண்டாம். கேஷே சொல்லும்வரை வேண்டாம். இதை நான் கொட்டை எழுத்தில் எழுதியதாக வைத்துக்கொள்.

நோர்டனில் மாலைப் பள்ளி ஒன்று இருக்கிறதாம், விட்ட வகுப்பிலிருந்து தொடரலாம் என்கிறாள் உன் அக்கா. யோசித்துப் பார். பனி விழுந்துவிட்டது, கீரையும் புகைத்த இறைச்சியும் சமைத்தோம், உன் பங்கை நான் சாப்பிட்டேன்.

ஃபோல்கர்ட்


நோர்டன், 3 டிசம்பர் 2006

அக்கா,

அத்தானின் கடிதம் வந்தது. நகைச்சுவையாக இருந்தது. அப்பா இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து விறகு எடுக்கப் போனார். விறகுப் பெட்டி நிறையத்தான் இருந்தது.

உறையில் முகவரிகூட அத்தான் கைதான். கீழே உன் பெயர்கூட இல்லை. ஐந்து அறைக்கு எத்தனை வாரம் பெயின்ட் அடிப்பீர்கள்? அவர் பல்லை வியாழக்கிழமை பிடுங்கியதாக எழுதுகிறார். வாயில் பஞ்சு வைத்த மனிதர் அவ்வளவு தெளிவாகப் பேச மாட்டார். நான் கேட்டேனே.

இப்போது மாலைப் பள்ளி. அக்கா, நான் பள்ளியை ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியும். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. பதினான்கு மாதம். அப்போது நீ தீவில் இருந்தாய், அதற்காக நான் ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. 'இதெல்லாம் முடியட்டும், உன்னை என்னோடு வைத்துக்கொள்கிறேன்' என்று அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ சொன்னாய். இப்போது பள்ளிக்குப் போ என்றால், தீவுக்கு வராதே என்று அர்த்தமா?

நேராகக் கேட்கிறேன். நான் இப்படிக் கேட்கிற பெண் இல்லை என்று உனக்குத் தெரியும். என் இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டாயா? அல்லது நீயும் அத்தானும் பிரியப் போகிறீர்களா? இரண்டில் ஒன்று. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

இன்சா


யூஸ்ட், 19 டிசம்பர் 2006

இன்சாக் குட்டிக்கு,

பண்டிகை வாழ்த்துகள், அப்பாவுக்கும்.

யாரும் யாரையும் பிரியவில்லை. உன் இடத்தில் யாரும் இல்லை. 

இந்த முறை வர வேண்டாம். தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கிறது, கப்பல் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஈஸ்டரைப் பற்றிப் பிறகு பேசலாம். பள்ளியின் விண்ணப்பத் தாளை இதனோடு வைத்திருக்கிறேன். பூர்த்தி செய்ய வேண்டும் என்றில்லை, ஒரு முறை படி.

கல்லுக்குப் பொறு. பிப்ரவரி கடைசி வரை பொறு.

கேஷே


நோர்டன், 11 ஜனவரி 2007

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அப்பா நலம். புத்தாண்டுக்குச் சுட்ட இனிப்பு அப்பளச் சுருள்களில் பாதி கருகிவிட்டது, இருந்தாலும் அப்பா சாப்பிட்டார்.

உன் கடிதம் பதினொரு வரி. எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியது போலப் பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. அவசரத்தில் எழுதினாயா, அழுதுகொண்டு எழுதினாயா? யாராவது பக்கத்தில் நின்று எழுதவைத்தார்களா? எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கல்லை வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை லாரியில் புது மாதிரிகள் வந்து இறங்கின. ஜன்னல் ஓரத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஐலர்ஸ் 640 என்று எழுதினார். ஆவ்ரிஷ் ஊர்ப் பல் வைத்தியர் ஒருவர் மனைவியோடு இரண்டாவது முறையாக வந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். அந்த அம்மாள் மோதிரத்தால் தட்டியும் பார்த்தாள். நாளைக்குச் சொல்கிறோம் என்று போனார்கள். பிப்ரவரி கடைசி வரை அது அங்கே இருக்காது, அக்கா. நான் மறுநாள் காலை என் சேமிப்பை எடுத்து வந்து ஐலர்ஸின் மேசையில் வைத்தேன். உன் துண்டுச் சீட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"அட, நம்ம ஊமை ராணி கல்லு வாங்குது" என்றார். "யார் பேர்ல பில்லு?"

உன் பெயரைச் சொன்னேன். முகவரியும் சொன்னேன். அவர் நீளம், அகலம், உயரம் எழுபத்தாறு, கீழே அலமாரி இல்லாமல் காலியிடம் என்று எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டு முத்திரை குத்தி, ஒரு பிரதியை உனக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும்.

மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் வாங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். கல் வந்து இறங்கினால் அது யாருக்காக என்று நீ சொல்லித்தானே ஆக வேண்டும்.

இன்சா


யூஸ்ட், 18 ஜனவரி 2007

இன்சா,

பில் வந்தது. உன் அத்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு லாயத்துக்கும் வீட்டுக்கும் நாலு முறை நடந்தார். எனக்கு முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு யார்மேல் வர வேண்டுமோ அவள்மேல், என்மேலேயே, வந்தது.

மேடை எனக்குத்தான். உட்கார்ந்துகொண்டு சமைக்க.

ஆகஸ்டில் நான் படியில் இடித்துக்கொள்ளவில்லை. கால் தானாக மடங்கியது. எம்டன் மருத்துவமனையில் மூன்று முறை பார்த்தார்கள். தலையிலிருந்து போகிற செய்தி காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை, இது திரும்பிச் சரியாகிற வியாதி இல்லை என்றார்கள். இப்போது வீட்டுக்குள் கோல் பிடித்து நடக்கிறேன். வலது கையும் சில நாட்களில் சொன்னபடி கேட்பதில்லை. அதனால்தான் ஃபோல்கர்ட் எழுதினார். அதனால்தான் எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. அழவில்லை. இம்கேவை வைத்ததும் அதனால்தான், என்னால் மாடி ஏற முடியவில்லை. உன் அத்தான் கடையில் காட்டிய உயரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னுடைய உயரம்.

காத்திரு என்று ஏன் சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். மேடை, அகலமான கதவு, கீழ்த்தளத்தில் குளியலறை, எல்லாவற்றுக்கும் பராமரிப்புக் காப்பீட்டில் விண்ணப்பித்திருக்கிறோம். பெரும்பங்கை அவர்கள் தருவார்கள். ஆனால் அவர்கள் ஆளை அனுப்பிப் பார்த்து, சரி என்று எழுத்தில் தருமுன் நாம் ஒரு ஆணி வாங்கினாலும் 'எங்களிடம் பணம் கேட்க வேண்டாம்' என்பார்கள். ஆள் பிப்ரவரி பதினான்காம் தேதி வருகிறார். இப்போது என் பெயரில், ஜனவரித் தேதியில், முத்திரையோடு ஒரு பில் இருக்கிறது. அது இல்லாமல் போனால் குளியலறையும் கதவும் பிழைக்கும். இருந்தால் அந்தக் கல் மட்டும்தான் மிச்சம். 

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னால் அடுத்த கப்பலில் வந்து இறங்குவாய். விருந்தினர் விடுதியில் வேலைக்கு வந்தவளாக இருக்க மாட்டாய். அம்மாவுக்குச் செய்ததையே பதினைந்து வயதில் விட்ட இடத்திலிருந்து மறுபடி செய்வாய், முகம் சுளிக்காமல் செய்வாய். ஒரு முறை அதை உன் தலையில் போட்டுவிட்டுத் தீவில் இருந்தவள் நான். 

உன் கேள்விக்குப் பதில்: மாடி அறை உன்னுடையதுதான். ஆனால் நீ வந்து என்னைத் தூக்கக் கூடாது.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

கேஷே


நோர்டன், 31 ஜனவரி 2007

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லாயம் மணக்கும் சமையலறையில் நின்றபடியே படித்தேன். கடைசி வரி எனக்குப் புரியவில்லை. அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடவே இல்லை.

"எனக்கு அக்டோபர்லயே தெரியும்மா" என்றார். "தைலப் பாட்டிலோட எனக்குன்னு தனியா ஒரு சீட்டு வெச்சிருந்தா."

அவர் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினார். நம் ஊரில் யாரும் தேநீரைக் கலக்க மாட்டோமே, அன்று கலக்கினார்.

"சொன்னா நீ கெளம்பிப் போயிடுவேன்னு அவளுக்குப் பயம்" என்றார். "எனக்கும்தான். அவ பயம் உனக்காக. என் பயம் எனக்காக."

அவரை நான் கோபித்துக்கொண்டேன். மூன்று நாள். பிறகு தீர்ந்துவிட்டது.

உன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. நாலு மாதம் நான் இம்கேவைச் சந்தேகப்பட்டேன், அத்தானைச் சந்தேகப்பட்டேன், உன் மாவுத் தொட்டியைச் சந்தேகப்பட்டேன். உன் உடம்பை மட்டும் சந்தேகப்படவில்லை. பதினான்கு மாதம் நோயாளியோடு இருந்தவள் நான், எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் நலமா நலமா என்று கேட்டேன். நீ பதில் சொல்லாததைக்கூட எழுதிக் காட்டினேன். அதையும் குற்றம் சொல்லத்தான் எழுதினேன்.

பில்லைப் பற்றி. வெள்ளிக்கிழமை காலை ஐலர்ஸின் அறைக்குப் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் இரண்டு போன் பேசி முடித்தார்.

"என்னம்மா, நாக்க வீட்ல வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார்.

சொல்லிவிட்டேன். உனக்குக் கால் முடியவில்லை, காப்பீட்டில் சரி என்று சொல்லுமுன் எதுவும் வாங்கக் கூடாது, அது தெரியாமல் நான் வாங்கிவிட்டேன், பில்லை ரத்து செய்ய வேண்டும் என்று. அவரிடம் நான் இரண்டு வருடத்தில் பேசிய மொத்தத்தையும் விட அது அதிகம். அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை.

"ரத்து எதுக்கு? தேதிய மாத்திக்கலாம். மார்ச்சுன்னு போட்டுத் தரேன், கல்லு உனக்கே இருக்கட்டும். இந்த வெலைக்கு மறுபடி கெடைக்காதும்மா."

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஆள் வந்து உன்னிடம் எப்போது வாங்கியது என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? அதோடு, இந்த நாலு மாதமாக மாற்றி எழுதிய எண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பிரதியையும் கேட்டார். உன்னிடம் இருப்பதை அத்தான் நேற்றுத் துறைமுகத்தில் கொண்டுவந்து கொடுத்தார், ஐலர்ஸ் இன்று காலை என் எதிரிலேயே 'ரத்து' என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிடித்தம் எதுவும் இல்லை. கல் இன்று மதியமே போய்விட்டது. பல் வைத்தியரின் மனைவிக்கு 890-க்கு விற்றார். நாம் வாங்கும்போது அதிகம் ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று. எழுபத்தாறு என்று உனக்கு யார் சொன்னது? நேற்று மாலை அப்பாவும் நானும் கூடத்தில் இரண்டு முட்டுக்கட்டைமேல் பலகை போட்டு, கல்லின் கனத்துக்கு இன்னொரு பலகையும் கீழே கட்டி, எழுபத்தாறில் நிறுத்தினோம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கூடை உருளைக்கிழங்கை உரித்தேன். எனக்கே தொடை தட்டுகிறது. உன் கால் என்னுடையதைவிட ஒரு சாண் நீளம். எழுபத்தெட்டில் பரவாயில்லை. எண்பதில் தோள் தூக்கிக்கொள்கிறது. அப்பா தன் நீளக் காலோடு உட்கார்ந்து பார்த்தார், எழுபத்தொன்பது என்கிறார். பதினான்காம் தேதி வருகிறவரிடம் எழுபத்தொன்பது என்று சொல். அவர் வேறு எண் சொன்னால் அவரையே உட்கார்ந்து உரித்துப் பார்க்கச் சொல். 

நீ அனுப்பிய தாளை ஐந்து முறை படித்தேன். ஆறாவது முறை பேனாவோடு படித்தேன். வகுப்பு திங்கள், புதன், மாலை ஆறு மணிக்கு. உனக்காக அல்ல என்று எழுத நினைத்தேன், அது முழுக்க உண்மையில்லை, அதனால் எழுதவில்லை. 

வேலை முடிந்து துறைமுகத்துக்குப் போனேன். சனிக்கிழமை தண்ணீர் மதியம் ஒன்றரைக்கு ஏறுகிறது, அப்போதுதான் கப்பல். டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார், நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். ஒரு வழியா, போக வரவா என்று கேட்டார். போக வர என்றேன். என்றைக்குத் திரும்புகிறாய் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

இன்சா